தோளில் தொங்கும் துப்பாக்கியும் அண்டை வீட்டாரின் அச்சமும்



அமெரிக்க நாட்டின் கடைவீதிகளில் நீண்ட துப்பாக்கியைத் தோளில் மாட்டியபடி, கையில் காப்பிக் கோப்பையுடன் உலவும் மனிதர்களின் காணொளிகள் நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் வலம் வருகின்றன. "சுதந்திரம் என்றால் இதுவன்றோ!" என்று சிலர் வியக்கிறார்கள். வியப்போடு நின்றிருந்தால் நாம் எழுதப் புகுந்திருக்க மாட்டோம். "ஆயுதம் தரித்தல் ஸுன்னத் ஆயிற்றே, ஸஹாபாக்கள் வாளின்றி வெளியே சென்றார்களா?" என்று மார்க்கத்தையே சாட்சிக்கு இழுப்போரும் நம்மிடையே தோன்றிவிட்டனர். "அங்குள்ள முஸ்லிம்களும் பள்ளிவாசல் முன்பு அவ்வாறே ஏந்தி நின்றால்தான் மதிப்பார்கள்" என்று யோசனை கூறுவோரும் உண்டு. டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் மகனையோ மருமகனையோ வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஜமாஅத்துகளில் குறைவல்ல. ஆகவே இது கடல் கடந்த வேடிக்கை என்று ஒதுக்கத்தக்க பேச்சன்று.

முதலில் விஷயம் இன்னதென்று விளங்கிக்கொள்வோம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் நடைமுறைக்கு வந்தது. ஆயுதம் வைத்திருக்கவும் தரிக்கவும் மக்களுக்குள்ள உரிமையைப் பேசுவது அது. ஆயினும் எங்கே, எவ்விதம் தரிக்கலாம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வகுத்து வந்துள்ளது. ஆடைக்குள் மறைத்து வைத்துச் செல்வது ஒரு வகை. எல்லோரும் காணும்படி இடுப்பிலோ தோளிலோ தொங்கவிட்டுச் செல்வது மற்றொரு வகை. இந்த இரண்டாவதைத்தான் அங்கே 'ஓப்பன் கேரி' என்கிறார்கள். தற்காப்புக்காகத் தனி ஒருவர் வைத்திருக்கும் துப்பாக்கியைப் பற்றி இக்கட்டுரையில் நாம் பேசவில்லை. ஊரறிய ஏந்திச் செல்வதையே ஓர் இயக்கமாக்கி, நாள் குறித்து, ஆள் திரட்டி, உணவகங்களிலும் அங்காடிகளிலும் அணிவகுக்கிறார்களே, அதுவே நம் பேசுபொருள்.

டெக்சாஸ் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டம் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி ஏந்துவதைத் தடுத்திருந்தது. விந்தை யாதெனில், நீண்ட ரைஃபிளை ஏந்த அப்படியொரு தடை இல்லை. 2013-இல் தோன்றிய 'ஓப்பன் கேரி டெக்சாஸ்' என்னும் அமைப்பினர் இந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டனர். "கைத்துப்பாக்கியை வெளிப்படையாக வைத்திருக்க அனுமதியுங்கள். அதுவரை ரைஃபிளைத்தான் ஏந்துவோம்" என்ற தோரணையில் ஏ.ஆர்.-15 ரகத் துப்பாக்கிகளுடன் பொது இடங்களில் கூடத் தொடங்கினர். பார்ப்போரின் அச்சம் இவ்வாறு அவர்களின் பேரத்தில் ஒரு பொருளாயிற்று.

அவ்வாண்டு நவம்பரில் ஆர்லிங்டன் நகரில் நிகழ்ந்ததைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுனில் ஒரு தொடக்கப்பள்ளிக்குள் புகுந்தவன் 20 பிஞ்சுக் குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தத் துயரத்தில் பிறந்தது துப்பாக்கிக் கட்டுப்பாடு கோரும் தாய்மார் அமைப்பு. அவ்வமைப்பைச் சேர்ந்த நான்கு பெண்கள் ஆர்லிங்டனில் ஓர் உணவகத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தனர். வெளியே வாகன நிறுத்துமிடத்தில் சுமார் நாற்பது பேர் துப்பாக்கிகளுடன் வந்து கூடினர். பின்னர் விமர்சனம் எழுந்தபோது, தாங்கள் எவரையும் மிரட்டவில்லை, குழுவாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம், அவ்வளவே என்றனர்.

அவர்கள் ஒரு குண்டும் சுடவில்லை, எவரையும் குறிவைக்கவில்லை என்பது உண்மையே. சட்டம் அனுமதித்த எல்லைக்குள்ளேயே நின்றனர் என்பதையும் மறுக்க வேண்டியதில்லை. எனினும் உள்ளே அமர்ந்திருந்த நால்வரின் இடத்தில் நம் தாயையோ தங்கையையோ வைத்துப் பார்ப்போம். கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் நாற்பது துப்பாக்கிகள். அவற்றை ஏந்தியோர் எந்தக் கருத்தை ஆதரிக்கிறார்களோ அதற்கு எதிராகப் பேசத்தான் இவர்கள் கூடியிருக்கிறார்கள். அந்த மேசையில் அதன்பின் என்ன பேச்சு ஓடும்? வெளியே நின்றவர்கள் மறுவாதம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் அவர்களுக்கு ஏற்படவில்லை.

இத்தகைய அணிவகுப்புகள் வணிகர்களையும் சங்கடத்தில் ஆழ்த்தின. ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளைத் தங்கள் ஆதரவுக் களமாக இவ்வியக்கத்தார் சித்திரித்துக் கொண்டாடியபோது, அந்நிறுவனத்தின் தலைவர் ஹோவர்ட் ஷூல்ட்ஸ் 2013 செப்டம்பரில் பகிரங்கக் கடிதம் எழுதி, தயவுசெய்து துப்பாக்கியுடன் வராதீர்கள் என்று கேட்டுக்கொள்ள நேர்ந்தது. 2014-இல் சிப்போட்லே உணவகமும், பின்னர் டார்கெட் அங்காடியும் அதே வேண்டுகோளை விடுத்தன. இவை எவையும் துப்பாக்கி எதிர்ப்புச் சங்கங்கள் அல்ல. கல்லாப்பெட்டியைக் கவனிக்கும் வியாபார நிறுவனங்கள்.

இவற்றினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. துப்பாக்கி உரிமைக்காகவே வாழும் தேசிய ரைஃபிள் சங்கம் 2014 மே மாத இறுதியில் வெளியிட்ட ஓர் அறிக்கையில், ரைஃபிள்களுடன் உணவகத்துக்குப் போவது விசித்திரமான செயல், அயலாரிடம் நடந்துகொள்ளும் முறையும் அன்று என்று கண்டித்தது. கண்டிக்கப்பட்டோர் வெகுண்டனர். சிலர் அச்சங்கத்தின் உறுப்பினர் அட்டைகளையே வெட்டிப் போட்டனர். சில நாட்களில் சங்கம் பின்வாங்கி, அது ஓர் ஊழியர் எழுதிவிட்ட தவறு என்று கூறிக் கைகழுவியது. அயலார் என்ற சொல் ஒருமுறை அவர்கள் வாயிலும் வந்தது என்பதை மட்டும் நாம் குறித்துக்கொள்வோம்.

இயக்கத்தாரின் முதன்மையான வாதம் இது: "மக்கள் துப்பாக்கியைக் கண்டு அஞ்சுவது பழக்கமின்மையால். தினமும் கண்டால் அச்சம் தெளிந்துவிடும். அச்சப்படுவது அவர்கள் குறை, எங்கள் குற்றமில்லை." கேட்பதற்கு நியாயம் போலவே இருக்கும். ஆயின் எதிரே வருபவர் நல்லெண்ணம் கொண்டவரா, கொலை செய்ய வந்தவரா என்பதை அவர் தோளில் தொங்கும் கருவியைப் பார்த்து எவரால் சொல்ல இயலும்? 2019 ஆகஸ்ட் 3 அன்று எல் பாசோ நகரின் வால்மார்ட் அங்காடிக்குள் ரைஃபிளுடன் வந்தவனால் 23 உயிர்கள் பறிபோயின. ஐந்தே நாள் கழித்து மிசூரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஓர் இளைஞர் குண்டு துளைக்காத அங்கியும் ரைஃபிளுமாக வேறொரு வால்மார்ட்டில் நுழைந்தார். மக்கள் அலறியடித்து ஓடினர். தம் உரிமை மதிக்கப்படுகிறதா என்று சோதித்துப் பார்த்தாராம்! அடுத்த மாதமே அந்த அங்காடி நிறுவனமும், வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வர வேண்டாம் என்று வேண்டுகோள் விடுத்தது. ஓடிய தாய்மாரைப் பார்த்து, உங்களுக்குப் பழக்கம் போதவில்லை என்று கூற நெஞ்சம் துணியுமா?

இனி மார்க்கத்தைச் சாட்சிக்கு இழுத்த சகோதரர்களிடம் வருவோம்.

அபூதாவூதில் ஒரு ஹதீஸ் பதிவாகியுள்ளது. நபித்தோழர்கள் அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்களுடன் பயணம் சென்றபோது ஒருவர் உறங்கிவிட்டார். மற்றொருவர் சென்று அவரிடமிருந்த கயிற்றை எடுத்தார். விழித்தவர் திடுக்கிட்டார். இவ்வளவுதான் நடந்தது. காயமில்லை, களவில்லை. அதற்கே நபி (ஸல்) அவர்கள், ஒரு முஸ்லிமைப் பீதிக்குள்ளாக்குவது எந்த முஸ்லிமுக்கும் ஆகுமானதன்று என்ற கருத்தில் கூறினார்கள். திடுக்கிட்டவரை நோக்கி, கயிற்றுக்குப் போய் ஏன் அஞ்சுகிறீர் என்று அவர்கள் கேட்கவில்லை. அஞ்ச வைத்தவரின் செயலே குற்றமாகக் கொள்ளப்பட்டது. "அது முஸ்லிமைப் பற்றிய பேச்சுத்தானே" என்று எவரும் தப்பிக்க வேண்டாம். எவருடைய தீங்கிலிருந்து அவர் அண்டை வீட்டார் அச்சமற்று இருக்க முடியவில்லையோ அவர் ஈமான் கொண்டவராகார் என்னும் எச்சரிக்கையில் அண்டை வீட்டாரின் மதம் குறிப்பிடப்படவில்லை.

அம்பைப் பற்றிய ஹதீஸ் நம்மில் பலர் ஓதியதே. அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நம் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ அம்புகளுடன் கடந்து செல்வோர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும். ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பில் இன்னும் நுட்பமான செய்தி உண்டு. பள்ளிவாசலுக்கு அம்புகளைக் கொண்டுவந்த மனிதர் அவற்றைத் தருமமாக வழங்கிக்கொண்டிருந்தவர். நோக்கம் ஸதகா, இடம் இறையில்லம். அவருக்கும் அதே கட்டளைதான். மத்ரஸாவில் இந்த ஹதீஸை நடத்தும்போதெல்லாம், "ஹஜ்ரத், இந்தக் காலத்தில் யார் அம்பு தூக்கி வருகிறார்கள்?" என்று எந்தப் பிள்ளையாவது கேட்டுச் சிரிக்கும். அம்பின் இடத்தில் வேறொன்று வந்துவிட்டது, அவ்வளவே. முனை பிறர் மேல் படாதவாறு மூடிக்கொள்ளும் பொறுப்பு ஏந்தியவரைச் சாரும் என்ற சட்டம் அப்படியே இருக்கிறது. அங்கே கடைவீதியில் அணிவகுப்போர், முனையைப் பிறர் காண வேண்டும் என்பதற்காகவே வருகிறார்கள்.

ஹுதைபிய்யா உடன்படிக்கையையும் எண்ணிப் பாருங்கள். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு செய்யப்பட்ட அந்த ஒப்பந்தப்படி, மறு ஆண்டு உம்ராவுக்காக மக்காவில் நுழையும் முஸ்லிம்கள் ஆயுதங்களை உறைக்குள் வைத்தே கொண்டுவர வேண்டும். தம்மை ஊரை விட்டு விரட்டிய, தம்மோடு போரிட்ட பகைவரின் ஊருக்குள் செல்கிறார்கள். அஞ்சுவதற்கும் ஆயுதத்தைக் கையில் பிடிப்பதற்கும் அவர்களுக்கு இருந்த காரணம் வேறு எவருக்கு இருந்திருக்க முடியும்? ஆயினும் நபி (ஸல்) அவர்கள் அந்நிபந்தனையை ஏற்றார்கள். ஏற்றபடியே உறையிலிட்ட வாளுடன் ஹிஜ்ரி 7-இல் மக்காவினுள் சென்று, உம்ராவை நிறைவேற்றித் திரும்பினார்கள்.

மறுதரப்பின் ஆதாரங்களை மறைத்துவிட்டுப் பேசுவது ஆலிம்களின் மரபன்று. ஆகவே அவற்றையும் சொல்வோம். பெருநாளன்று அபிசீனியர் பள்ளிவாசலில் ஈட்டிகளையும் கேடயங்களையும் கொண்டு விளையாடியதும், ஆயிஷா (ரலி) அவர்கள் அதைக் கண்டு களித்ததும் புகாரியில் உள்ளதே. போர்க்களத்தில் அச்சநிலைத் தொழுகையின்போது ஆயுதம் தரித்துக்கொள்ளுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 102-ஆம் வசனம் ஏவுவதும் உண்மையே. ஆனால் முதலாவது, ஊரார் யாவரும் விளையாட்டென்று அறிந்து மகிழ்ந்த விளையாட்டு. இரண்டாவது, எதிரி கண்ணெதிரே நிற்கும் களம். காய்கறி வாங்க வந்த மக்களிடையே ரைஃபிளுடன் நடப்பது இவ்விரண்டில் எதில் சேரும்?

இமாம் புகாரீ அவர்கள் இரு பெருநாள் பற்றிய அதே நூற்பகுதியில், பெருநாளிலும் ஹரம் எல்லையிலும் ஆயுதம் ஏந்துவது வெறுக்கத்தக்கது என்று தனித் தலைப்பே அமைத்துள்ளார்கள். பகைவரைப் பற்றிய அச்சம் இருந்தாலன்றிப் பெருநாளில் ஆயுதம் ஏந்துவது தடுக்கப்பட்டிருந்தது என்ற ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் கூற்றும் அங்கே இடம்பெறுகிறது. "பார்த்தீர்களா, பகைவர் அச்சம் என்று விலக்கு இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது. ஆனால் விலக்கு என்பது நிலைமையைப் பொறுத்து வந்து போவது. காலை முதல் மாலை வரை, வாரத்தின் ஏழு நாளும், எதிர்ப்படும் ஒவ்வொரு மனிதரும் பகைவராக இருக்கக்கூடும் என்று வாழ்பவருக்கு ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் சொல் துணை நிற்காது.

அதே தலைப்பின் கீழ் வரும் ஒரு நிகழ்ச்சி நம் மாணவர்களுக்கு எப்போதும் மறப்பதில்லை. மினாவில் மக்கள் நெரிசலிடையே ஓர் ஈட்டி முனை அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் பாதத்தில் பாய்ந்தது. அந்நாளில் ஆட்சியதிகாரத்தில் இருந்த ஹஜ்ஜாஜ் நலம் விசாரிக்க வந்தார். குத்தியவர் யாரென்று தெரிந்தால் நடவடிக்கை எடுத்திருப்போமே என்பது அவர் பேச்சின் சாரம். குத்தியவர் நீரே என்றார்கள் இப்னு உமர் (ரலி). அதெப்படி என்று வியந்தவருக்கு, ஆயுதம் ஏந்தலாகாத நாளில் ஏந்தச் செய்தீர், கொண்டுவரலாகாத ஹரமுக்குள் அதைக் கொண்டுவரச் செய்தீர் என்று விளக்கினார்கள். ஈட்டியைப் பிடித்திருந்த கை எதுவென்று அவர்கள் ஆராயவில்லை. கூட்டத்தினுள் ஆயுதம் வர வழி திறந்தவரையே பொறுப்பாளியாக்கினார்கள்.

இத்தனைக்கும் பின், இவ்வியக்கம் நம் சமுதாயத்தின் வாசலிலேயே வந்து நின்ற நாட்களைப் பேசாமல் கடக்க முடியாது. 2015 மே 3 அன்று டெக்சாஸின் கார்லண்டில், நபி (ஸல்) அவர்களைக் கேலிச்சித்திரம் வரையும் போட்டி நடந்த அரங்கின் வெளியே இருவர் துப்பாக்கிச் சூடு நடத்தினர். காவலர்களால் அங்கேயே கொல்லப்பட்டனர். அவ்விருவரும் ஃபீனிக்ஸ் நகரவாசிகள், ஒரு காலத்தில் அங்குள்ள இஸ்லாமிய சமூக மையப் பள்ளியில் தொழுதவர்கள். அவர்கள் செய்தது ஹராம், பாதகம். அதில் நமக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அம்மாதம் 29-ஆம் நாள் மாலை அந்தப் பள்ளிக்கு வெளியே நிகழ்ந்தது என்ன? இருநூறுக்கு மேற்பட்டோர் கூடினர். பலரிடம் கைத்துப்பாக்கிகளும் ரைஃபிள்களும் இருந்தன. ஆயுதத்துடன் வருமாறு அழைப்பிலேயே தூண்டப்பட்டிருந்தது. உள்ளே மக்கள் தொழுகைக்காக வந்துகொண்டிருந்தனர்.

அவ்வாண்டு நவம்பரில், பாரிஸ் தாக்குதல் நடந்து எட்டாம் நாள், டல்லாஸை அடுத்த இர்விங் நகரப் பள்ளிவாசலின் முன் சுமார் பன்னிரண்டு பேர் நீண்ட துப்பாக்கிகளுடன் வந்து நின்றனர். பாரிஸில் நடந்த கொலைகளுக்கும் இர்விங்கில் குர்ஆன் ஓத வரும் பிள்ளைகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால் விடையில்லை. துப்பாக்கி எதற்கு என்று கேட்ட பத்திரிகையாளரிடம் அதன் அமைப்பாளர், பெரும்பாலும் தற்காப்புக்கு என்று கூறிவிட்டு, பலத்தைக் காட்டவும் விரும்புகிறோம் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அவருடைய நேர்மைக்கு நன்றி! சில நாட்களில் உள்ளூர் முஸ்லிம்கள் பலரின் பெயர்களும் வீட்டு முகவரிகளும் முகநூலில் அவர்களால் வெளியிடப்பட்டன. முதலில் துப்பாக்கி, பிறகு முகவரி. இதன் பொருளை விளக்க அகராதி வேண்டாம்.

இதையும் சட்டம் தடுக்கவில்லை. டெக்சாஸ் சட்டமன்றம் அவ்வாண்டே இயற்றிய புதிய சட்டத்தின் வழியே 2016 ஜனவரி 1 முதல் உரிமம் பெற்றவர்கள் கைத்துப்பாக்கியையும் வெளிப்படையாக ஏந்தலாம் என்றாயிற்று. 2021 செப்டம்பர் முதல் அந்த உரிமமும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்றாயிற்று. இயக்கம் வென்றது.

"சட்டம் அனைவருக்கும் பொதுத்தானே, நம்மவரும் ஏந்தட்டும்" என்ற யோசனைக்கு இப்போது வருவோம். பொது என்பது ஏட்டில். 1967-இல் கலிஃபோர்னியாவில் கறுப்பின இளைஞர்கள் பிளாக் பேந்தர் என்ற அமைப்பாகத் திரண்டு, சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கி ஏந்தி, காவல் துறையின் அத்துமீறல்களைக் கண்காணித்தனர். மே 2 அன்று சேக்ரமெண்டோவின் சட்டமன்றக் கட்டடத்துக்குள்ளும் ஏந்திச் சென்றனர். குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தத் தடை விதிக்கும் மல்ஃபோர்டு சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. அதில் கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்டு ரீகன். அதை ஆதரித்தோரில் தேசிய ரைஃபிள் சங்கமும் ஒன்று. 2020 ஏப்ரல் 30 அன்று மிஷிகன் சட்டமன்றக் கட்டடத்துள், பெருந்தொற்றுக் கால ஊரடங்கை எதிர்த்து, பெரும்பாலும் வெள்ளையரான ஆயுதம் தாங்கிய மனிதர்கள் புகுந்து நின்றார்கள். அங்கே தடை வர 2021 ஜனவரி ஆயிற்று. அதுவும் வாஷிங்டனில் நாடாளுமன்றமே தாக்கப்பட்ட பிறகு.

ஒஹாயோ வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்த அனுமதியுள்ள மாநிலம். 2014 ஆகஸ்டில் அங்கு ஒரு வால்மார்ட்டில், விற்பனைக்கு வைத்திருந்த காற்றழுத்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு கைப்பேசியில் பேசியபடி நடந்த 22 வயதுக் கறுப்பின வாலிபரைக் காவலர் சுட்டுக் கொன்றனர். அதே ஆண்டு நவம்பரில் க்ளீவ்லாந்தில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன், காவல் வாகனம் வந்து நின்ற இரண்டு வினாடிகளுக்குள் சுடப்பட்டான். தாடியும் தொப்பியும் கொண்ட நம் பிள்ளை, அப்துர் ரஹ்மான் என்றோ முஹம்மது இப்ராஹீம் என்றோ பெயர் கொண்ட பிள்ளை, தோளில் ரைஃபிளுடன் அங்காடியில் நடந்தால் அவனுக்கு எத்தனை வினாடி கிடைக்கும்? யோசனை கூறுவோர் தம் சொந்த மகனை முன்னிறுத்தி விடை கூறட்டும்.

டல்லாஸ் நகரம் 2016-இல் இரண்டு பாடங்களைக் கண்டது. ஏப்ரல் மாதம், இர்விங்கில் நின்ற அதே குழுவினர் தெற்கு டல்லாஸில் 'நேஷன் ஆஃப் இஸ்லாம்' இயக்கத்தாரின் பள்ளிக்கு ஆயுதங்களுடன் வந்தனர். அவ்வியக்கத்தின் கொள்கைகளை அஹ்லுஸ் ஸுன்னா ஏற்பதில்லை, அது வேறு பேச்சு. இம்முறை எதிர்த்தரப்பிலும் கறுப்பினத்தவர் துப்பாக்கிகளுடன், கூடுதல் எண்ணிக்கையில் நின்றனர். இடையே காவலர்கள். உயிர்ச்சேதமின்றி முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். "பார்த்தீர்களா, பதிலுக்கு ஏந்தினால் பலன் உண்டு" என்று இதைக் காட்டுவோர் ஜூலை 7-ஆம் நாளையும் காட்டட்டும். அன்றிரவு அதே நகரில் ஓர் அமைதியான பேரணியின் முடிவில், மறைந்திருந்து சுட்ட ஒருவனால் 5 காவலர்கள் கொல்லப்பட்டனர். பேரணியில் இருபது முப்பது பேர் சட்டப்படி ரைஃபிள் ஏந்தி வந்திருந்தனர். சுட்டவன் யார், சும்மா வந்தவர் யார் என்று காவலர்களால் பிரித்தறிய இயலவில்லை. ஏந்தியிருந்த ஒருவரின் படம் 'தேடப்படுபவர்' என்று காவல் துறையாலேயே வெளியிடப்பட்டு நாடெங்கும் பரவியது. அவரோ தம் துப்பாக்கியை ஒரு காவலரிடம் தாமாகவே ஒப்படைத்துவிட்ட நிரபராதி. ஆயுதம் ஏந்திய அத்தனை நல்லவர்களில் எவராலும் அன்று ஐவரில் ஒருவரையும் காக்க முடியவில்லை.

அப்படியானால் பள்ளிவாசல்களைக் காக்கவே வேண்டாமா? வேண்டும். 2017-இல் கியூபெக் நகரில் தொழுகையாளிகள் 6 பேரும், 2019-இல் கிறைஸ்ட்சர்ச்சில் 51 பேரும் ஷஹீதாக்கப்பட்டதை எவர் மறப்பர்? ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொல்லிக்கொடுத்த மார்க்கம் இது. காவல் துறையிடம் முறையிடுவது, பயிற்சி பெற்ற காவலரை நியமிப்பது, வாசலில் கேமரா வைப்பது, அவசரகால வழிகளைப் பிள்ளைகளுக்குப் பழக்குவது ஆகிய அனைத்தும் ஆகுமானவை. ஜுமுஆ நேரத்தில் வாசலில் நிற்கும் சீருடைக் காவலரின் இடுப்பிலும் துப்பாக்கி உண்டுதான். அவர் யாருக்குப் பொறுப்பானவர், எதற்கு நிற்கிறார் என்பது தெருவில் போகும் எல்லோருக்கும் தெரியும். நாம் மறுப்பது, ஜமாஅத்தினர் ஆளுக்கொரு ரைஃபிளுடன் தெருவோரம் அணிவகுத்து, எதிரே குடியிருக்கும் கிறிஸ்தவ மூதாட்டி சன்னலை இழுத்து மூடும்படி செய்வதை. இர்விங்கில் நம் பெண்களுக்கு எதை அவர்கள் செய்தார்களோ அதை நாம் அந்த மூதாட்டிக்குச் செய்ய ஷரீஅத்தில் வழியில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர் அடுத்த முறை பேசும்போது இதையும் பேசுங்கள். நண்பர் அழைத்தார் என்று இத்தகைய அணிவகுப்புகளைக் காணக்கூடச் செல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். தம் ஊர்ப் பள்ளிவாசலில் பாதுகாப்புக் குழு இருக்கிறதா, அது யாருடைய பொறுப்பில் நடக்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். இங்குள்ள இளைஞர்கள் அந்தக் காணொளிகளை மார்க்க வாசகங்கள் சேர்த்துப் பரப்புவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

ஃபீனிக்ஸ் பள்ளியில் அந்த மே மாத மாலையில் வேறொன்றும் நடந்தது. வெளியே நின்ற கூட்டத்தில் இஸ்லாத்தை ஆபாச வார்த்தையால் ஏசும் சட்டையணிந்த ஒருவர் இருந்தார். உள்ளே வந்து எங்களுடன் அமருங்கள் என்று விடுக்கப்பட்ட அழைப்பை அவர் ஏற்றார். காலணியைக் கழற்றிவிட்டுச் சென்று, மக்கள் தொழுவதை உடனிருந்து கண்டார். அத்தகைய சட்டையணிந்த மற்றொருவர், இனி என்னைக் காணும்போது இந்தச் சட்டை என் மேல் இராது என்ற பொருளில் பள்ளியைச் சேர்ந்த ஒருவரிடம் கூறிச் சென்றதாகப் பத்திரிகைகள் எழுதின.